பிஎம்இஜிபி கடனில் ஒரு மரச்செக்கு: மானியக் காலம் முடிந்த பிறகு எழுதுவது

ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறேன். பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், அதாவது பிஎம்இஜிபியில், மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பித்துத் தொடங்கிய தொழில் இது. மானியம் கடனில் கழிக்கப்பட்டுவிட்டது. இந்தத் திட்டத்தால்தான் சொந்தத் தொழில் என்று ஒன்று எனக்கு அமைந்தது. ஆனால் மானியத்தைப் பற்றி ஊரில் பேசுவது வேறு, நடப்பது வேறு.

என் திட்ட மதிப்பு 10 லட்சம். கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்கு மானியம் 35 சதவீதம், சொந்தப் பங்கு 5 சதவீதம். கையிலிருந்து 50,000 போட்டேன், ஒன்பதரை லட்சம் கடன், மானியம் மூன்றரை லட்சம். 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படியிருந்தும் முதலில் போன கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். கொடுக்க மறுத்து வேறு வங்கிக்குப் போனேன்.

ஊரில் பேசுவது போல அந்த மூன்றரை லட்சம் மானியம் நேராகக் கைக்கு வராது. நம் பெயரில் வைப்புத்தொகையாக 3 ஆண்டுகள் வங்கியிலேயே கிடக்கும். தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். அந்த வைப்புத்தொகைக்கு வட்டி கிடையாது, அதே அளவு கடனுக்கும் வட்டி போடக் கூடாது. என் கணக்கில் ஆரம்பத்தில் முழுக் கடனுக்கும் வட்டி போட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்த பிறகுதான் திருத்தினார்கள். மாதாமாதம் வட்டிக் கணக்கைப் பாருங்கள், தயவுசெய்து.

உண்மையான நெருக்கடி நடைமுறை மூலதனத்தில்தான், அதாவது அன்றாடம் சரக்கு வாங்கவும் தொழிலை ஓட்டவும் வேண்டிய பணத்தில். கடலை வரத்து வரும்போது வாங்கி வைத்தால்தான் விலை கட்டும். விளைவித்தவருக்கு உடனே பணம் கொடுத்தாக வேண்டும். எண்ணெய் வாங்கும் கடைக்காரரோ அடுத்த மாதம் வாங்க என்பார். இயந்திரம் விற்றவர் இரண்டு செக்கு போடச் சொல்லி வற்புறுத்தினார். நான் ஒன்றோடு நிறுத்தி, மீதியை நடைமுறை மூலதனமாகத் திட்ட அறிக்கையில் காட்டினேன். அதுதான் காப்பாற்றியது. அப்புறம் புண்ணாக்கு. மாடு வைத்திருப்பவர்கள் கையில் காசோடு வருவார்கள். மந்தமான மாதங்களில் வங்கித் தவணையைக் கட்டியது பெரும்பாலும் அந்தக் காசுதான்.

உத்யம் பதிவை, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவை, வெறும் சான்றிதழாக நினைக்காதீர்கள். பதிவு இலவசம், இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. ரசீதிலேயே உத்யம் எண்ணையும் இந்த விதியையும் அச்சடித்தேன். நிலுவை வைத்திருந்த ஒரு கடை, இப்படி நிலுவை வைப்பவர்கள் மேல் புகார் கொடுப்பதற்கான அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் கொடுக்கப் போகிறேன் என்றதும் கணக்கை முடித்தது.

தமிழக அரசு குறுந்தொழில் உற்பத்தி நிறுவனங்களுக்கு முதல் 3 ஆண்டுகளுக்கு 20 சதவீத மின்கட்டண மானியம் தருகிறது. இது பலருக்குத் தெரியவே இல்லை. முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும், அதனால் மின் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்கள் இதே திட்டத்தில் விரிவாக்கத்துக்கு இரண்டாவது கடன் கேட்கலாம். உற்பத்தித் தொழிலுக்கு 1 கோடி வரை, மானியம் 15 சதவீதம். தவணை முடிந்ததும் இரண்டாவது செக்குக்கு அதில் விண்ணப்பிக்கப் போகிறேன்.