ஃபிக்மா: டெவலப்பர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

செயலி, இணையத் திரைகளை பிரவுசரிலேயே வடிவமைக்கும் கருவியான ஃபிக்மா பற்றி டிசைனர்கள் எழுதியது ஏராளம். கோப்பைத் திறந்து அதைப் பார்த்து நிரல் எழுதும் டெவலப்பருக்கு அது எவ்வளவு கைகொடுக்கிறது? உள்ளடக்கத்துக்கு ஏற்ப அளவும் இடமும் தானே மாறும் ஆட்டோ லேஅவுட்டில் கட்டிய கோப்பு என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. இல்லையென்றால் அது வெறும் படம்தான்.

2019 கடைசியில் வந்த ஆட்டோ லேஅவுட், இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் பொருட்களை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் போலவே யோசிக்கிறது. ஹக் என்றால் உள்ளே இருப்பதன் அளவு. ஃபில் என்றால் மிச்ச இடம் முழுக்க. ஃபிக்ஸட் என்றால் கொடுத்த பிக்சல். இப்படிக் கட்டிய ஃபிரேமை (பொருட்களை அடக்கும் பெட்டி) தேர்ந்தெடுத்தால், பேடிங்கும் (உள் ஓர இடைவெளி) கேப்பும் (பொருட்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) அப்படியே சிஎஸ்எஸ்ஸாகக் கிடைக்கும். கட்டாத ஃபிரேமில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘அப்சல்யூட்’ என்று இடப்பக்க, மேற்பக்கத் தூரம்தான் வரும். 360 பிக்சல் அகலத்துக்கு எடுத்த அந்த எண்கள் 412-க்கு உதவாது. கோப்பு கைக்கு வந்ததும் ஃபிரேமின் வலது ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரவில்லையா, திருப்பி அனுப்பிவிடலாம்.

நன்றாகக் கட்டிய கோப்பிலும் ஒரு இடம் இடறும்: ஸ்ட்ரோக், அதாவது பொருளைச் சுற்றிய கோடு. லைன் ஹைட் (எழுத்து வரியின் உயரம்) 24 பிக்சல், மேலும் கீழும் 12 பேடிங் என்றால் பட்டனின் உயரம் 48. அதற்கு 1 பிக்சல் ஸ்ட்ரோக் போட்டாலும் ஃபிக்மா 48 என்றே காட்டும். இயல்பாக அது ஸ்ட்ரோக்கை லேஅவுட் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரவுசரோ அதே கோட்டை (சிஎஸ்எஸ்ஸில் பார்டர்) சேர்த்து 50 ஆக்கிவிடும். கொடுத்த அளவுக்குள்ளேயே பார்டரை அடக்கும் ‘பார்டர்-பாக்ஸ்’ போட்டிருந்தாலும், உயரத்தைத் தனியாகக் கொடுக்காதவரை இதே கதைதான். ஆட்டோ லேஅவுட்டின் கூடுதல் அமைப்புகளில் ஸ்ட்ரோக்கை ‘இன்க்ளூடட்’ என்று மாற்றினால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். பட்டியலில் இருபது வரிசை இருந்தால் இந்த 2 பிக்சல் 40 ஆகிவிடும். ‘டிசைன் மாதிரி இல்லையே’ என்ற புகாருக்குப் பலமுறை இதுதான் வேர்.

தமிழ் இடைமுகம் என்றால் பட்டனுக்கு ஃபிக்ஸட் அகலம் வேண்டவே வேண்டாம். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பெட்டியில் ‘அமைப்புகள்’ பிதுங்கிக்கொண்டு நிற்கும். லைன் ஹைட்டை 100 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மேல்வரி ‘சு’வின் வாலும் கீழ்வரி ‘ரீ’யின் சுழியும் உரசும், 150 வைத்தால் நிம்மதி.

2023-இல் வந்த வேரியபிள்ஸ், அதாவது மதிப்புகளுக்குப் பெயர் வைத்துப் பயன்படுத்தும் வசதி, நல்ல வரவு. நிறம், இடைவெளி எல்லாவற்றுக்கும் டிசைன், நிரல் இரண்டு பக்கமும் ஒரே பெயர் புழங்கும். டார்க் மோடு தனிக் கோப்பாக இல்லாமல் ஒரு மோடாகவே அடங்கிவிடும்.

பயனர் ஆய்வுக்குத்தான் ஃபிக்மா அரைகுறை. ‘எந்த மெனுவைத் தொடுகிறார்கள், எங்கே வழி தவறுகிறார்கள்’ என்று பார்க்க, திரைகளை இணைத்துத் தொட்டுப் பார்க்கச் செய்யும் மாதிரியான புரோட்டோடைப் தாராளமாகப் போதும். படிவத்தைச் சோதிக்கப் போதாது: உள்ளீட்டுப் பெட்டியில் தட்டச்சு செய்ய முடியாது, எழுத்துப்பிழை வராது, அதனால் பிழைச்செய்தியைப் பயனர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதே தெரியாமல் போகும். இதற்கு ஹெச்டிஎம்எல்லில் ஒரு பக்கம் எழுதிவிடுவதே மேல். காத்திருப்பும் புரோட்டோடைப்பில் கிடையாது. தொட்டதும் அடுத்த திரை. குறித்த நேரம் கழித்துத் தானே அடுத்த திரைக்கு நகர்த்தும் ‘ஆஃப்டர் டிலே’ ட்ரிக்கரில் 2000 மில்லிசெகண்ட் கொடுத்து, நடுவே ஒரு லோடிங் ஃபிரேமைச் செருகினால் ஓரளவு உண்மைக்குப் பக்கத்தில் வரும். காட்டத் தரவு இல்லாதபோது வரும் வெற்றுத் திரை, பிழைத் திரை வரையப்படவே இல்லை என்பதும் பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும்.

கோப்பு பெருத்தால் மெமரி கடிக்கும்: பிரவுசரின் ஒரு டேபுக்கு வரம்பு உண்டு. மறைத்து வைத்த லேயர்களும் கணக்கில் சேரும். பழைய வரைவுகளைத் தனிக் கோப்புக்கு மாற்றிவிடுங்கள்.

டெவலப்பர் கோப்பைப் பார்ப்பதற்கான தனிப் பார்வையான டெவ் மோடு 2023-இல் பீட்டாவாக (சோதனைப் பதிப்பு) வந்தது, 2024 முதல் காசு. நிரல் எழுதத் தயார் என்று காட்டும் ‘ரெடி ஃபார் டெவ்’ குறியும், இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் வசதியும் தினமும் தேவைப்படுகிற குழுவுக்கு அது தகும். வாரத்தில் ஒருநாள் நிறமும் பேடிங்கும் பார்ப்பவருக்கு இலவசமாகப் பார்க்கும் அனுமதியே போதும்.