பிரிட்டனில் வெள்ளிக்கிழமை மாலை: பப் எனும் மதுவிடுதியா, வீடா?

பக்கத்துத் தெரு பப்புக்குப் போவதா, சூப்பர்மார்க்கெட்டில் பீர் வாங்கி வீட்டிலேயே இருப்பதா? இன்று பலர் வீட்டைத்தான் தேர்கிறார்கள். பப்புகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன.

செலவு
பப்: 568 மி.லி. கொண்ட ஒரு பைண்ட் பீர், பல ஊர்களில் 5 பவுண்டு அளவில் ஆகிறது. வாடகை, மின்கட்டணம், சம்பளம், வரி எல்லாம் அதற்குள் அடக்கம்.
வீடு: அதே காசுக்கு இரண்டு மூன்று கேன்.

வசதி
பப்: இங்கிலாந்தில் 2007 முதல் உள்ளே புகைக்க முடியாது.
வீடு: மூடும் நேரம் கிடையாது.

சுவை
பப்: பீப்பாயிலேயே முதிரும் காஸ்க் ஏல் என்ற பீர் வகை இங்கேதான் சரியாகக் கிடைக்கும். திறந்தபின் சில நாள்களே தாங்கும் என்பதால், ஆள்வரத்து குறைந்தால் அதுவும் கெடுகிறது. 1971-ல் தொடங்கிய கேம்ரா (CAMRA) என்ற பீர் ஆர்வலர் இயக்கம் இதைக் காக்க இன்றும் போராடுகிறது.
வீடு: பாட்டில், கேன்.

துணை
பப்: என் மனம் சாய்வது இதனால்தான். தனியாக வாழும் முதியவர் அரை பைண்டோடு மாலை முழுக்க உட்காரலாம். பேச யாராவது இருப்பார்கள். வினாடி வினா, டார்ட்ஸ் எல்லாம் குடிக்காதவருக்கும் உண்டு.
வீடு: நாம் அழைத்தவர் மட்டுமே.

கை இறுக்கமா, சின்னக் குழந்தைகளா, வீடே சரி. ஊருக்குப் புதியவரும் தனித்திருப்பவரும் பப்புக்கே போங்கள். இங்கிலாந்தில் இருந்தால், உங்கள் பப் விற்பனைக்கு வருமுன்பே 2011 லோக்கலிசம் சட்டப்படி அதைச் சமூகச் சொத்தாகப் பதிய, ஊர்க் குழுவாகச் சேர்ந்து உள்ளாட்சிக் கவுன்சிலிடம் மனுக் கொடுங்கள். ஊரார் சேர்ந்து வாங்க முயல அவகாசம் கிடைக்கும்.