எண்ணெய்க்காகத்தான் போரா? நான் எடுத்த பக்கம்

வெள்ளவத்தையில் நண்பர்கள் சேர்ந்து வைத்த பட்டிமன்றத்தில் இரண்டு அணிகள். போர்களுக்கு மூலகாரணம் எண்ணெய்தான் என்றது முதல் அணி. ஆட்சியாளரின் பயமும் அதிகாரப் போட்டியும்தான் மூலம், எண்ணெய் துணைக்காரணம் என்றது மற்றது. கைதட்டல் முதல் அணிக்குத்தான் கிடைக்கும் என்று தெரிந்தும் நான் இரண்டாவதில் பேசினேன். இன்றைக்கும் அந்தப் பக்கம்தான்.

முதல் அணியின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது. 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் இறங்கியபோது ஈரான் போரில் பட்ட கடன் தலைக்கு மேல் நின்றது. இரு நாட்டு எல்லையிலுள்ள ருமைலா எண்ணெய் வயலில் குவைத் எண்ணெய் திருடுகிறது என்றும் ஈராக் குற்றம் சாட்டியிருந்தது. சரி, ஜப்பான்? 1941இல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியதும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் (இன்றைய இந்தோனேசியா) வயல்களைக் குறிவைத்தது. அடுத்த வருடம் ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. ஆனால் ஜப்பான் 1937இலிருந்தே சீனாவில் போர் நடத்திக்கொண்டிருந்தது. இந்தோசீனாவின் தெற்கிலும் படையை இறக்கிய பிறகுதான் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. போர்வெறி முந்தியது, எண்ணெய்த் தட்டுப்பாடு பிந்தியது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு கணக்கு. பிடித்த வயலை வைத்திருக்க என்ன செலவாகும்? குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக் படை 600க்கும் மேற்பட்ட கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசித் தீயை அணைக்க 1991 நவம்பர் ஆனது. 2003இல் அமெரிக்கா ஈராக்குக்குள் படையெடுத்த பிறகு அங்கே எண்ணெய்க் குழாய்களைத் திரும்பத் திரும்பத் தகர்த்தார்கள். 2009இல் ஏலம் நடந்தபோது ருமைலா வயல் பிரித்தானிய பிபி கம்பனிக்கும் சீன அரசுக் கம்பனிக்கும் போனது. கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் 2 டொலர் கூலி, எண்ணெய் ஈராக் அரசுடையது. ஈராக்கின் இன்னொரு வயலான மேற்குக் குர்னாவின் இரண்டாம் பகுதி ரஷ்யாவின் லுக்கோயில் கம்பனிக்குப் போனது. சீனாவும் ரஷ்யாவும் அந்தப் போருக்கு ஒரு சிப்பாயைக்கூட அனுப்பவில்லை. எண்ணெய் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்குவதுதான் மலிவு.

வல்லரசுகளுக்குப் போரைவிடச் சுலபமான வழிகளும் உண்டு. நம் இலங்கையையே எடுத்துக்கொள்வோம். 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கிய சிறிமாவோ அரசு, ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் சொத்துகளைக் கையகப்படுத்தியது. 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. கப்பற்படை வரவில்லை. 1965இல் ஆட்சி மாறியதும் நட்டஈட்டு உடன்பாட்டோடு விஷயம் முடிந்தது. ஈரானில் பிரதமர் மொசாதெக் எண்ணெயைத் தேசியமயமாக்கியபோது, 1953இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் சதிசெய்து அவரைக் கவிழ்த்தன. அடுத்த வருடமே அமெரிக்கக் கம்பனிகளுக்கு 40 சதவீதப் பங்கு கிடைத்தது. கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அது படையெடுப்பு இல்லை.

'எல்லாம் எண்ணெய்க்காக' என்ற பேச்சு எனக்குக் கோபம் தருவதற்குக் காரணம், போரைத் தொடங்கியவர்களை அது தப்பவிடுகிறது என்பதுதான். ஆட்சி போய்விடும் என்ற பயம், பக்கத்து நாட்டை அடக்கும் ஆசை, பொய்யான உளவுத் தகவல் என்று எல்லாவற்றையும் பீப்பாய்க்குள் போட்டு மூடிவிட்டால், முடிவெடுத்த ஆட்களை யார் கேள்வி கேட்பது?

2003 ஈராக் என்று வரும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் இறங்கும். வளைகுடாவை வேறு வல்லரசு கைப்பற்ற முயன்றால் படைபலத்தாலும் தடுப்போம் என்று 1980 ஜனவரியிலேயே அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் அறிவித்துவிட்டார். அங்கே எண்ணெய் இல்லையென்றால் அமெரிக்கா அவ்வளவு ஆழமாகக் கால் ஊன்றியிருக்குமா? இருக்காது என்றே நினைக்கிறேன். வயலைப் பிடிப்பது வேறு, எண்ணெய் போகிற வழியைக் காவல் காப்பது வேறு என்று பட்டிமன்றத்தில் பதில் சொன்னேன். அது பாதிப் பதில்தான்.

அப்புறம் உள்நாட்டுப் போர்கள். நான் சொன்னதெல்லாம் நாடும் நாடும் மோதுகிற போர்களுக்கு. 1967இல் நைஜீரியாவிலிருந்து பியாஃப்ரா பிரிந்தபோது நைஜர் டெல்டாவின் எண்ணெய் வருமானம் யாருக்கு என்பது பெரிய கேள்வியாக இருந்தது. அந்த வகைப் போர்களுக்கு என் கணக்கை நீட்ட எனக்குத் துணிவில்லை. அங்கே முதல் அணிக்குத்தான் பலம் அதிகம்.