பகையை மூட்டிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்ட அட்மின்: ஆன்லைன் கால்பந்து லீக்கில் பணம் கட்டுபவர்கள் கவனத்துக்கு

நான்கு மாதம் ஆடிய ஆன்லைன் கால்பந்து லீக்கில் கட்டிய பணத்தையும் பட்டத்தையும் இழந்துவிட்டு இதை எழுதுகிறேன். ஏமாந்தது நான் மட்டும் இல்லை. அந்த நான்கு மாதமும் நான் எதிரியாக நினைத்த ஆளும் என்னோடு சேர்ந்துதான் ஏமாந்தார். லீக்கின் பெயரை எழுதப் போவதில்லை. நடந்த விதம் தெரிந்தால் போதும், இன்னொரு பெயரில் இதே ஆட்டம் நடந்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

மொத்தம் 16 பேர். ஒவ்வொருவரோடும் இரண்டு முறை மோத வேண்டும், ஆக ஆளுக்கு 30 ஆட்டம். ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்ற கால்பந்து வீடியோ கேம், பாதி ஆட்டத்துக்கு நிஜத்தில் 6 நிமிடம், திரையின் கடிகாரம் மட்டும் 90 நிமிடம் வரை ஓடும். முடிந்ததும் ஸ்கோர் திரையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டால் அட்மின் அட்டவணையில் ஏற்றுவார். அந்த 16 பேரில் அட்மினும் ஒருவர். நுழைவுக் கட்டணம் முழுவதும் அவர் கையில்தான் இருந்தது.

நான் எதிரியாக நினைத்த அந்தப் போட்டியாளர் எப்போதும் ரியல் மாட்ரிட் அணியைத்தான் எடுப்பார். முதல் மோதலில் 4-3 என்று என்னை வென்றார். ஒவ்வொரு கோலுக்கும் ரீப்ளேயைத் தள்ளிவிடாமல் முழுசாக ஓடவிட்டார். 80-ஆவது நிமிடத்துக்குப் பிறகு பந்தை முன்னே கொண்டுவரவே இல்லை. இரண்டு சென்டர் பேக்குகளும் (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள்) கோல்கீப்பரும் பந்தை மாற்றி மாற்றி உருட்டிக்கொண்டிருந்தார்கள், நான் கன்ட்ரோலரை நெரித்துப் பிடித்தபடி அவர்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். விதிப்படி இதில் தப்பே இல்லை. ஆனாலும் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடு இருந்தபோதுதான் அட்மினிடமிருந்து தனிச்செய்தி: "ப்ரோ, அவன் உங்களைப் பத்தி என்ன சொல்றான் தெரியுமா? பொம்மை மாதிரி நின்னான்னு சொல்லிச் சிரிக்கிறான். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தி வரும். நானும் குழுவில் அவரைக் குத்திப் பேச ஆரம்பித்தேன், அவரும் திருப்பிக் கொடுத்தார். மற்றவர்கள் இருவர் பக்கமும் பிரிந்து நின்றார்கள். சூடு ஏறியதும் அட்மின் ஓர் அறிவிப்பு போட்டார்: எங்கள் இரண்டாவது மோதல் 'மானப் போட்டி', இருவரும் தனியாக ஒரு தொகை கட்ட வேண்டும், ஜெயிப்பவருக்கு இரண்டும். இருவரும் அன்றே கட்டினோம்.

அந்த ஆட்டத்தில் 2-1 என்று நான் முன்னிலை. 78-ஆவது நிமிடம், அவர் கார்னர் எடுக்கப் போகிறார். பந்து பாதி உயரத்தில் அப்படியே நின்றது. வீரர்கள் கை தூக்கியபடி உறைந்தார்கள். சில நொடிகளில் இணைப்பு போய்விட்டது என்ற அறிவிப்பு வந்தது. அவர் திரையிலும் அதேதான் வந்ததாம். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வேண்டுமென்றே கேபிளை உருவினாரா, நெட் தானாகப் போனதா என்று அந்த அறிவிப்பைப் படம் எடுத்து வைத்தாலும் அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

நிஜக் கால்பந்தில் ஓர் அணி தன் தவறால் ஆட்டத்தைப் பறிகொடுத்தால் 3-0 என்று முடிவு எழுதுவார்கள். எங்கள் லீக்கிலும் துண்டித்தவருக்கு அதுதான். யார் துண்டித்தது என்று தெரியாவிட்டால் விட்ட நிமிடத்திலிருந்து மீதியை ஆட வேண்டும். விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், ஆட்டம் செல்லாது, யாருக்கும் புள்ளி இல்லை, பந்தயப் பணம் சாம்பியன் பரிசோடு சேரும் என்று அட்மின் அறிவித்தார். எனக்குத் தனியாக, "ரீமேட்ச் கேட்டுப் பார்த்தேன் ப்ரோ, முடியாதுன்னுட்டார்" என்றார். நம்பினேன்.

கடைசி வாரம். போட்டியாளர் 64 புள்ளி, அட்மினும் 64, நான் 63. சமநிலை வந்தால் கோல் வித்தியாசம் (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) பார்ப்போம் என்பதுதான் ஆரம்பத்தில் போட்ட விதி. அதில் போட்டியாளருக்கு +41, அட்மினுக்கு +29. ஒரு நாள் இரவு விதி மாறியது: இனி நேருக்கு நேர், அதாவது சமநிலையில் இருப்பவர்கள் தங்களுக்குள் மோதிய ஆட்டங்களின் முடிவுதான் கணக்கு. அவர்கள் இருவருக்குள் அட்மின் ஒன்றில் ஜெயித்து மற்றதை டிரா செய்திருந்தார். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் முதலில் கோல் வித்தியாசம், ஸ்பெயினின் லா லிகாவில் நேருக்கு நேர். இரண்டுமே நியாயமான விதிகள்தான். ஆனால் எது என்பதைச் சீசன் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார்கள், கடைசி வாரத்தில் மாற்ற மாட்டார்கள். அட்மின் சாம்பியன் ஆனார். பரிசுப் பணம் முழுக்க அவருக்கே போனது, எங்கள் பந்தயப் பணம் உட்பட.

இரண்டு நாள் கழித்துப் போட்டியாளரிடமிருந்து முதன்முறையாக நேரடிச் செய்தி: "ப்ரோ, ஒன்னு கேட்கலாமா? ரீமேட்ச் வேணாம்னு ஏன் சொன்னீங்க?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை. இருவரும் அட்மினின் தனிச்செய்திகளைப் படம் எடுத்து மாற்றிக்கொண்டோம். எனக்கு 11.42-க்கு வந்த வரி அவருக்கு 11.44-க்குப் போயிருந்தது. 'பயந்துடார் போல' என்று ஓர் எழுத்து விட்டிருந்தார், இரண்டிலும் அதே பிழை. 'பொம்மை மாதிரி நின்னான்' என்று நான் அவரைச் சொன்னதாக அவருக்கும் வந்திருக்கிறது. அவர் அதைச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. நான்கு மாதமாக ஒருவர் மீது வளர்த்த கோபம் முழுவதும் மூன்றாம் ஆள் எழுதிக் கொடுத்தது என்று தெரிந்தபோது, பணம் போனதைவிட அதுதான் வலித்தது.

குழுவில் படங்களைப் போட்டோம். பத்து நிமிடத்தில் அவை அழிக்கப்பட்டு எங்கள் இருவரையும் நீக்கிவிட்டார்கள்.

இனி நான் பணம் கட்டும் லீக்கில் பரிசுத் தொகை ஆடாத ஒருவரிடம் இருக்க வேண்டும். அட்மின் ஆடினால் அவர் சம்பந்தப்பட்ட தகராறை வேறொருவர் தீர்க்க வேண்டும். சமநிலை விதி முதல் ஆட்டத்துக்கு முன்பே தேதியோடு எழுத்தில் இருக்க வேண்டும். ஆட்டம் நின்றால் படத்தோடு விடாதீர்கள். பிளேஸ்டேஷன் 5-இல் கிரியேட் பட்டன் மூலம் அதுவரை ஓடிய ஆட்டத்தையே வீடியோவாக எடுத்து வைக்கலாம். அப்புறம், "அவன் உன்னைப் பத்தி இப்படிச் சொன்னான்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே அவரிடம் நேராகக் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே எல்லாம் வெளியே வந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் விட்ட இடத்திலிருந்து மீதி 12 நிமிடத்தை ஆடினோம். 87-இல் அவர் கோல் போட்டார், 2-2. வீடியோ இருவரிடமும் இருக்கிறது.