சிவப்புப் பெட்டியும் என் திருடனும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 1983-இல் வந்த சிவப்புப் பெட்டியை மகளுக்காகத் தேடி வாங்கலாமா, புதிய பதிப்பே போதுமா என்று நண்பர் கேட்டார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நுழைந்து, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு அது. அதன் பேச்சை எடுத்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று தெரிந்தும் கேட்டார், அனுபவிக்கட்டும்.

ஸ்காபரோவில் பள்ளி நாட்களில் பழைய பொருள் கடையில் வாங்கிய பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன்மேல் என் கோபமும் அப்படியே இருக்கிறது. காரணம், திருடன். ஆட்டத்தில் நான் எடுக்கும் பாத்திரம் எப்போதும் திருடன்தான். ஆட்டத்தைத் தொடங்கும் முதல் நிலைத் திருடனுக்குப் பூட்டைத் திறக்க 15 சதவீத வாய்ப்பு. பொறியைக் கண்டுபிடிக்க 10, நிழலில் ஒளிய 10. சுவர் ஏற மட்டும் 87. அதாவது தொழில் தெரியாத, ஆனால் மரமேறத் தெரிந்த ஓர் ஆள். எவ்வளவு அடி தாங்குவான் என்று சொல்லும் உயிர்ப்புள்ளிக்கு உருட்டுவதோ நான்கு முகப் பகடை. ஓர் அம்பு ஆறு புள்ளிவரை பறிக்கும். பூஜ்யத்தைத் தொட்டால் சாவு, மேல்முறையீடு கிடையாது. இந்த விதியை எழுதியவர்கள் ஒருநாளும் திருடனாக ஆடியிருக்கமாட்டார்கள்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பூஜ்யத்துக்கு வந்தவனும் உடனே சாவதில்லை. உயிருக்காக உருட்டும் பகடையில் மூன்று முறை தோற்கவேண்டும். நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன்.

ஆனால் பழைய பெட்டியில் பொறியைக் கண்டுபிடிக்கும் அந்த 10 சதவீதத்தை நம்பமுடியாததால்தான் நாங்கள் பகடையைத் தொடாமல் பிழைக்கப் பழகினோம். தோல்பைத் தண்ணீரைத் தரையில் ஊற்றுவோம். கல் இடுக்கில் தண்ணீர் இறங்குகிறதா என்று கேட்போம். இறங்கினால் அடியில் குழி. டன்ஜன் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்துபவனாக, இருந்தவன் முகத்தைச் சுளிப்பான், வாதாடுவான், கடைசியில் ஒத்துக்கொள்வான். புதிய பதிப்பில் நான் உட்கார்ந்த மேசைகளில் பகடையை உருட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள்.

பழைய பெட்டியின் பகடைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். எண்கள் வெறும் பள்ளங்களாக இருக்கும். பெட்டியோடு வந்த மெழுகு வண்ணக்கட்டியைத் தேய்த்து, வழிந்ததைத் துணியால் துடைக்கவேண்டும். கொஞ்ச நாளில் மெழுகு உதிர்ந்துவிடும். பிறகு விழுந்தது எந்த எண் என்று விளக்கடியில் சண்டை. தாயக்கட்டையே தேவலை என்பார் அம்மா.

ஆகவே நண்பரே, புதியதையே வாங்குங்கள். அதன் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய பெட்டிக்குச் சேகரிப்பாளர்கள் கேட்கும் விலை அநியாயம். அதுவும் மூன்றாம் நிலையோடு முடிந்துவிடும், அதற்கு மேல் நீலப் பெட்டி வேண்டும். வாங்குவதற்கு முன் மகளை ஒரு சனிக்கிழமை இங்கே அனுப்புங்கள். திருடனைத் தவிர எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.