மூக்குக் குழாயா, வயிற்றுக் குழாயா? இரண்டையும் வீட்டில் பார்த்த ஒரு அம்மாவின் ஒப்பீடு

வாயால் போதுமான அளவு சாப்பிட முடியாத குழந்தையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெற்றோரிடம் ஒருநாள் டாக்டர் இந்தப் பேச்சை எடுப்பார்: "மூக்கு வழியாகவே தொடரலாமா, இல்லை வயிற்றில் குழாய் வைத்துவிடலாமா?" எங்களிடமும் கேட்டார்கள். என் மகளுக்குத் தசை பலவீனம். விழுங்கும்போது பால் மூச்சுக்குழாய் பக்கம் இறங்கிவிடும், 6 மாதத்துக்குள் 3 தடவை நிமோனியா வந்தது. அதன்பிறகு 14 மாதம், மூக்கு வழியாக வயிற்றுக்குப் பால் கொண்டுபோகும் மூக்குக் குழாய், இப்போது இரண்டரை வருடமாக, வயிற்றில் துளை போட்டு நேராக வைக்கும் வயிற்றுக் குழாய். எனக்கு எது பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழாய் நீண்ட நாள் தேவைப்படும் என்று தெரிந்துவிட்டால் வயிற்றுக் குழாய்தான். ஏன் என்பதற்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மூக்குக் குழாய்க்கு ஆபரேஷன் வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், வேண்டாம் என்றால் அடுத்த நிமிடமே எடுத்துவிடலாம். வயிற்றுக் குழாய்க்கு மயக்க மருந்து, சில நாள் மருத்துவமனை, ஆறும் வரை வலி. முகத்தில் டேப்பும் குழாயும் இருந்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் கேள்வி கேட்பார்கள். வயிற்றில் இருந்தால் சட்டைக்குள் மறைந்துவிடும். இதெல்லாம் உண்மைதான், ஆனால் இதை வைத்து நாங்கள் முடிவெடுக்கவில்லை.

முடிவெடுக்க வைத்தது, வெளியே வந்துவிட்ட குழாயைத் திரும்பப் போடும் வேலை.

மூக்குக் குழாய் அடிக்கடி வெளியே வரும். குழந்தை தும்மும், வாந்தி எடுக்கும், தூக்கத்தில் விரல் மாட்டி இழுத்துவிடும். கையில் உறை போட்டுப் பார்த்தோம், கன்னத்தில் இரண்டு அடுக்கு டேப் ஒட்டிப் பார்த்தோம், ஒட்டி ஒட்டி எடுத்ததில் அந்தக் கன்னத்துத் தோல் சிவந்து காகிதம் மாதிரி ஆனதுதான் மிச்சம். வெளியே வந்தால் உடனே திரும்பப் போட வேண்டும், அடுத்த பாலும் வலிப்பு மருந்தும் அதன் வழியாகத்தான். மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரை, அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை வரை அளந்து குறி போட்டுக்கொண்டு, என் கணவர் மெதுவாக உள்ளே விடுவார். நான் பிடிப்பேன். பிடிப்பது என்றால், துணியால் கைகளைச் சேர்த்துச் சுற்றி, அவள் தலையை என் மார்போடு அழுத்தி, அசையாமல் வைத்திருப்பது. அவள் ஓங்கரித்து, கண்ணில் நீர் வழிய, என்னையே பார்ப்பாள்.

போட்டதோடு முடியாது. சிரிஞ்சால் கொஞ்சம் திரவத்தை இழுத்து, அமில அளவை நிறத்தில் காட்டும் பிஎச் பட்டையில் விட்டுப் பார்க்க வேண்டும், எண் குறைந்தால் அமிலம் அதிகம். 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் வயிற்றில் இருக்கிறது என்று நம்பிப் பால் கொடுக்கலாம். இது புதிதாகப் போட்டபோது மட்டுமல்ல, ஒவ்வொரு தடவை பால் கொடுப்பதற்கு முன்னும் செய்ய வேண்டியது. காற்றை ஊதி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பதை நம்பக்கூடாது, குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம். என் மகளுக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தோம், அதனால் குழாய் சரியான இடத்தில் இருந்தாலும் பட்டை 6 காட்டும். ராத்திரி 2 மணிக்கு, சின்ன விளக்கு வெளிச்சத்தில், இது 5-க்கான நிறமா 6-க்கான நிறமா என்று நாங்கள் இரண்டு பேரும் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்போம். இடது பக்கமாகப் படுக்க வைத்து, அரை மணி நேரம் காத்திருந்து, மறுபடி இழுத்துப் பார்ப்போம். அப்படியும் சந்தேகம் என்றால் பால் கொடுக்காமல் எக்ஸ்ரேக்குக் கிளம்ப வேண்டும். அப்படிப் பல ராத்திரி கிளம்பியிருக்கிறோம், பெரியவனைத் தூக்கத்தில் எழுப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு.

பெரியவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவனுக்கு 7 வயது. தங்கைக்குக் குழாய் போடப் போகிறோம் என்று தெரிந்தால் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். எல்லாம் முடிந்த பிறகு கதவை லேசாகத் திறந்து, "அம்மா, பாப்பாவுக்குப் போட்டாச்சா?" என்று கேட்பான். நாங்கள் பதில் சொன்னால்தான் வெளியே வருவான்.

இன்னொன்று. மூக்குக் குழாய் போட்டு 10, 11 மாதம் ஆனபோது, நான் முகம் துடைத்துவிடக் கையை நீட்டினால்கூட என் மகள் தலையைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். வெறும் ஈரத்துணிதான். நர்ஸ் கையைப் பார்த்து அழுதால் வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடும், வீட்டில் இருக்கிற கையே வலிக்க வைக்கிற கையாகிவிட்டால் குழந்தைக்கு வேறு எங்கே போக்கிடம்? அன்றைக்கு ராத்திரிதான் நானும் அவரும் உட்கார்ந்து பேசி, ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று முடிவெடுத்தோம்.

அதுவரை ஏன் இழுத்தோம் என்றால், பயம்தான். பொதுவாக 4 முதல் 6 வாரத்துக்கு மேல் குழாய் தேவைப்படும் என்றாலே வயிற்றுக் குழாயைப் பற்றி யோசிக்கச் சொல்வார்கள், எங்களுக்கும் சொன்னார்கள். ஆனால் வயிற்றில் துளை என்றதும் இனி அவள் வாயால் சாப்பிடவே மாட்டாள் என்று நாமே எழுதிக் கொடுப்பது மாதிரி எனக்குத் தோன்றியது. அப்படி இல்லை. விழுங்குவதைப் பரிசோதித்துப் பேச்சுப் பயிற்சியாளர் எவ்வளவு அனுமதிக்கிறாரோ அவ்வளவு வாயில் சுவை காட்டலாம், குழாய் தேவையில்லை என்ற நாள் வந்தால் எடுத்துவிடலாம், துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். என் மாமியார், "பிஞ்சு உடம்பில் இப்படி ஒரு பரிசோதனையா?" என்று அழுதார். அவருக்காகத்தான் தேடிப் படித்தேன்: வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் கருவி) உதவியோடு குழாய் வைக்கும் முறை 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தொடங்கியது. காடரர் என்ற குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரும் பான்ஸ்கி என்ற எண்டோஸ்கோப்பி நிபுணரும் சேர்ந்து செய்தார்கள், முதலில் செய்ததே ஒரு கைக்குழந்தைக்கு. "கைக்குழந்தைக்கா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார், அதன்பிறகு எதிர்த்துப் பேசவில்லை.

சரி, வயிற்றுக் குழாயில் தொல்லையே இல்லையா? இருக்கிறது, மறைக்க மாட்டேன். முதல் வாரம் கஷ்டம், அவளைத் தூக்கவே கை நடுங்கும். துளையைச் சுற்றித் தினமும் சோப்பும் தண்ணீரும் வைத்துச் சுத்தம் செய்து நன்றாக உலர்த்த வேண்டும். ஓரத்தில் சிவப்பாக, ஈரமாக ஒரு சதை முளைத்தது, உரசினால் ரத்தம் கசியும், டாக்டர் கொடுத்த மருந்தில் அடங்கி மறுபடி இரண்டு தடவை வந்தது. கசிவு இருந்தால் அமிலம் பட்டுத் தோல் எரியும். எதுக்களிப்பு இதனால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன், ஆகவில்லை. இப்போதும் தலையை உயர்த்தி வைத்துத்தான் பால் விடுகிறோம், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கிறோம். எச்சிலும் தவறான பக்கம் இறங்கலாம், அதற்குக் குழாய் மருந்தில்லை.

ஆனால் மாற்றுவதைப் பாருங்கள். முதலில் வைத்த நீளக் குழாயை, துளை நன்றாக ஆறிய பிறகு எடுத்துவிட்டு, தோலோடு ஒட்டி இருக்கும் பட்டன் வைத்தார்கள். உள்ளே சின்ன பலூன், அதில் சில மில்லி தண்ணீர், அதுதான் வெளியே வராமல் பிடித்துக்கொள்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தண்ணீரை இழுத்து அளவு பார்த்துத் திரும்ப நிரப்புகிறேன். பட்டனை மாற்றுவது சில மாதத்துக்கு ஒருமுறைதான். தண்ணீரை இழுத்து, பழையதை எடுத்து, புதியதைச் செருகி, தண்ணீர் விட வேண்டும். ஒரு நிமிடம் ஆகாது. முகத்தைச் சுளிப்பாள், அவ்வளவுதான், யாரும் பிடிக்க வேண்டாம். போன தடவை அண்ணன்காரன் பக்கத்தில் உட்கார்ந்து சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தான். கதவைச் சாத்திக்கொண்ட அதே பையன்.

ராத்திரியும் மாறிவிட்டது. முன்பு பால் ஓடும்போது ஒருவர் கண் விழித்து உட்கார வேண்டும், குழாய் பாதி வெளியே வந்து பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடுமோ என்ற பயம். இப்போது பம்ப்பைப் போட்டுவிட்டு, சத்தம் கேட்கும் தூரத்தில் ஒருவர் படுக்கிறோம். தொடர்ந்து 4 மணி நேரம் தூங்கினோம் என்று ஒருநாள் அவர் சொன்னபோது இரண்டு பேருக்கும் நம்பவே முடியவில்லை.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பட்டன் வெளியே வந்துவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பித்துவிடும். எங்களுக்கு ஒருமுறை பலூன் ஓட்டையாகி, உடை மாற்றும்போது பட்டன் கையோடு வந்துவிட்டது. மாற்றுப் பட்டன் பையில் இருந்ததால் உடனே செருகி, திரவம் இழுத்துப் பார்த்துக்கொண்டோம். ஆபரேஷன் ஆன முதல் சில வாரத்தில் வெளியே வந்தால் கதையே வேறு: நீங்களாகச் செருகாமல், பால் எதுவும் விடாமல், நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். துளை இன்னும் பக்குவப்படாததால் குழாய் வயிற்றுக்கு வெளியே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

மூக்குக் குழாயே போதும் என்று நானும் சொல்லும் வீடுகள் உண்டு. சில வாரத்தில் வாயால் சாப்பிட ஆரம்பித்துவிடும் குழந்தை, மயக்க மருந்தைத் தாங்காத உடம்பு, இன்னொரு ஆபரேஷனில் நாட்களைச் செலவிட வேண்டாம் என்று பெற்றோர் முடிவெடுக்கும் கட்டம், இங்கெல்லாம் அதுதான் சரி. தசை நோய் இருந்தால் மயக்க மருந்தில் கூடுதல் கவனம் வேண்டும், அதை மயக்க மருந்து நிபுணரோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். குடல் வரை குழாய் விட வேண்டிய குழந்தைகளுக்கு என் அனுபவம் உதவாது, அது வேறு பராமரிப்பு.

எங்களை மாதிரி முடிவெடுக்கிறவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் முன் மூன்று விஷயத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: குழாயின் அளவு எழுதிய சீட்டு, மாற்றுவதற்கு இன்னொரு குழாய், ராத்திரியில் வெளியே வந்துவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண். அந்தச் சீட்டை நாங்கள் அவள் பையிலும் ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டி வைத்திருக்கிறோம்.