செபி பதிவு எண்ணைக் காட்டிப் பணம் பறிக்கும் வாட்ஸ்அப் குழுக்கள்

பங்கு முதலீட்டில் லாபம் காட்டுகிறோம் என்று வாட்ஸ்அப் குழுவில் சேர்த்த உடனே, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் ‘பதிவு பெற்றவர்’ என்று ஒரு சான்றிதழைப் போடுவார்கள். அதிலுள்ள எண் உண்மையானதாகவே இருக்கலாம், ஆனால் வேறொருவருடையது. பங்கு ஆய்வாளர் எண் ஐஎன்எச் (INH) என்றும், முதலீட்டு ஆலோசகர் எண் ஐஎன்ஏ (INA) என்றும், பங்குத் தரகர் எண் ஐஎன்இசட் (INZ) என்றும் தொடங்கும். எண் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். செபி இணையதளத்தில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் தொலைபேசியில் நீங்களே கூப்பிட்டு, ‘இந்தக் குழு உங்களுடையதா?’ என்று கேளுங்கள். ஆய்வாளரோ ஆலோசகரோ தன் கட்டணத்தை வாங்கலாம். உங்கள் முதலீட்டுப் பணத்தை வாங்க அவருக்கு உரிமையே கிடையாது.

அடுத்து, லிங்க் அனுப்பி ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அதில் தெரியும் லாபம் வெறும் எண்தான். பங்கு நிஜமாகவே வாங்கப்பட்டிருந்தால் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் நிறுவனத்தில் உங்கள் டிமேட் கணக்கில் (பங்குக் கணக்கில்) தெரியும். அங்கே இல்லையென்றால் பங்கே இல்லை. நம்பிக்கை வருவதற்காக முதலில் சில ஆயிரங்களை எடுக்க விடுவார்கள். வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர் கணக்கு வழியாக மலிவாக வாங்கித் தருகிறோம் என்பதும் பொய். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அந்த வழி இல்லை என்று செபி 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

பெரிய தொகை போவது ஐபிஓவில்தான், அதாவது ஒரு நிறுவனம் முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பதாகச் சொல்லும் இடத்தில். ‘உங்களுக்கு எக்கச்சக்கமாக ஒதுக்கீடு வந்துவிட்டது, மீதிப் பணத்தைக் கட்டாவிட்டால் கணக்கு முடங்கும்’ என்று மிரட்டுவார்கள். உண்மையான ஐபிஓவில் நீங்கள் விண்ணப்பித்த தொகை உங்கள் வங்கிக் கணக்கிலேயே நிறுத்திவைக்கப்படும். ஒதுக்கீடு அதற்கு மேல் போகாது. கடைசியில், லாபத்தை எடுக்க முன்கூட்டியே வரி கட்டு என்பார்கள். மூலதன ஆதாய வரியை நீங்கள்தான் வருமான வரித் துறைக்குக் கட்டுவீர்கள், செயலிக்காரனுக்கு அல்ல. செபி முத்திரையுடன் கடிதம் வந்தாலும் கட்டாதீர்கள். அதையும் போலியாக அடிக்கிறார்கள்.

பணம் போன பிறகு பலர் முதலில் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்தைத் தேடி நேரத்தை இழக்கிறார்கள். அது செபியின் கண்காணிப்பில் உள்ள நிறுவனங்கள்மீது புகார் செய்யும் இடம். பதிவில்லாதவர்கள்மீதான புகாரை அங்கே எடுக்க மாட்டார்கள். மோசடிக்காரர்கள் பிறரிடம் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகளுக்குள் பணம் கைமாறி ஓடிக்கொண்டிருக்கும்போது அதை முடக்க உங்கள் வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் உடனே சொல்ல வேண்டும். பரிவர்த்தனை எண், தேதி, தொகை, பணம் போன கணக்கு எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். குழுவிலிருந்து வெளியேறும் முன் உரையாடல் முழுவதையும் சேமித்துவிடுங்கள்.